கூட்டுத்தொகையும் மீதியும்: ரவுட்டரைத் திறக்காமல் நினைவகம் அறிதல்

சிஸ்கோ 1841, டிபி-லிங்க் டபிள்யூஆர்841என். இரண்டு பெயரிலும் 841 வருவது தற்செயல். முதலாவது 2004-ல் சந்தைக்கு வந்த கனத்த உலோகப் பெட்டி. நிறுவனங்களின் கிளை அலுவலகங்களுக்காகச் செய்தது. அதன் பணிக்காலம் முடிந்துவிட்டது. இன்று நெட்வொர்க்கிங் படிக்கும் மாணவர்களின் மேசையிலும் பழைய சாதனக் கடைகளின் அடுக்கிலும் அதைப் பார்க்கலாம். இரண்டாவது வீட்டுக்கானது, பிளாஸ்டிக் உடம்பு, விலை மலிவு, உலகெங்கும் விற்றுத் தீர்ந்த சாதனம். இந்த இரண்டையும் அருகருகே வைத்து ஒரே கேள்வியைக் கேட்டுப் பார்ப்பது என் நோக்கம்: உள்ளே எத்தனை எம்பி ரேம் இருக்கிறது? மூடியைத் திறக்காமல், திருகாணியைத் தொடாமல், அந்தச் சாதனத்திடமே கேட்டுத் தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். ஆனால் இரண்டும் பதில் சொல்லும் விதம் ஒன்றுக்கொன்று நேர் எதிர். ஒன்று தன் நினைவகத்தை இரண்டு கூறாகப் பிரித்துச் சொல்லும். கூட்டினால் முழுத்தொகை வரும். மற்றது தனக்கு வேண்டியதை முதலில் எடுத்துக்கொண்டு மீதியை மட்டும் சொல்லும். முழுத்தொகைக்கு நாம்தான் போய்ச் சேர வேண்டும். இந்த வேறுபாடு பிடிபடாமல் எண்ணை அப்படியே எழுதிக்கொள்பவர்கள் 256 எம்பி சாதனத்தை 231 என்றும், 32 எம்பி சாதனத்தை 27 என்றும் குறித்துவைக்கிறார்கள்.

எண் சரியாகத் தெரிய வேண்டிய அவசியம் என்ன? சிஸ்கோவில் புதிய ஐஓஎஸ் மென்பொருள் ஏற்றப்போகிறவருக்கு அதுதான் முதல் கேள்வி. ஒவ்வொரு ஐஓஎஸ் கோப்புக்கும் இவ்வளவு ரேம், இவ்வளவு ஃபிளாஷ் வேண்டும் என்ற குறைந்தபட்ச அளவு உண்டு. அதற்குக் கீழே இருக்கும் பெட்டியில் ஏற்றினால் பூட் ஆகும்போதே நின்றுபோகலாம். அதைவிடக் கெட்டது, பூட் ஆகி, சில நாள் ஒழுங்காக ஓடி, பளு ஏறிய வேளையில் பதிவேட்டில் ‘மல்லாக்ஃபெயில்’ என்ற வரி விழுவது. கேட்ட நினைவகத்தைக் கொடுக்க இடமில்லை என்று பொருள். டபிள்யூஆர்841என் பக்கம் வந்தால் இது வாழ்வா சாவா என்ற கேள்வி. வீட்டு ரவுட்டர்களுக்கான திறந்தமூல மென்பொருளான ஓபன்டபிள்யூஆர்டி, 4 எம்பி ஃபிளாஷும் 32 எம்பி ரேமும் மட்டுமே உள்ள சாதனங்களுக்கான ஆதரவை 19.07 வெளியீட்டோடு நிறுத்திக்கொண்டது. கையில் இருப்பது 32-ஆ 64-ஆ என்பதைப் பொறுத்துத்தான் அந்தப் பெட்டிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் இனி வருமா வராதா என்பது.

சரி, திறந்தே பார்த்துவிடலாமே என்றால், கிளை அலுவலகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ரவுட்டரை நிறுத்தித் திறக்க யாரும் அனுமதி தர மாட்டார்கள். வீட்டு ரவுட்டரின் மூடி உள்கொக்கிகளில் மாட்டியிருக்கும். நெம்பினால் ஒன்றிரண்டு கொக்கி போகும், உத்தரவாதமும் போகும். திறந்து பார்த்தவருக்கும் விடை கண்முன் எழுதியிருக்காது. பலகையில் பற்றவைத்த சில்லின் முதுகில் வின்பாண்ட் நிறுவனத்தின் டபிள்யூ9425ஜி6 என்பதுபோல ஒரு வரிசை எண் இருக்கும். அதன் தரவுத்தாளைத் தேடி எடுத்தால் 256 மெகாபிட் என்று போட்டிருக்கும். எட்டால் வகுத்தால்தான் 32 எம்பி என்ற விடை. திறந்தாலும் கணக்குப் போட்டாக வேண்டும் என்றால், திறக்காமலே கணக்குப் போடுவது மேல்.

முதலில் சிஸ்கோ. வெளிர்நீல நிறத்தில் தட்டையாக ஒரு கன்சோல் கேபிள் இருக்கும். ஒரு முனை ரவுட்டரின் கன்சோல் துளைக்கு, மறுமுனை கணினியின் சீரியல் போர்ட்டுக்கு. இன்றைய மடிக்கணினிகளில் சீரியல் போர்ட் கிடையாது என்பதால் நடுவில் ஒரு யுஎஸ்பி மாற்றி. டெர்மினல் மென்பொருளில் வேகம் 9600 என்று வைத்து ரவுட்டரின் சுவிட்சைப் போட்டால் எழுத்துகள் ஒவ்வொன்றாக, கண்ணால் பின்தொடர முடிகிற வேகத்தில் வரும். பூட்ஸ்ட்ராப்பின் பெயரும் பதிப்பும் முதலில். அடுத்து இந்தப் பெட்டியில் இத்தனை கேபி முதன்மை நினைவகம் என்று ஒரு வரி. பிறகு சுருக்கி வைத்த ஐஓஎஸ் கோப்பு விரிவதைக் காட்டும் ‘#’ குறிகள் திரையின் அகலத்துக்கு வரிசைகட்டும். அவை வரும்போதே அந்த நினைவக வரி மேலேறித் திரையைவிட்டு மறைந்திருக்கும். 256 எம்பி உள்ள 1841-ல் அந்த வரி 262144 என்று ஒரே எண்ணாக, பிரிக்காமல், கழிக்காமல் சொல்லியிருக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும் ரவுட்டரை அணைத்துப் போட்டு அந்த வரியைப் பிடிக்க முடியாது. அதனால் ‘ஷோ வெர்ஷன்’. இந்தக் கட்டளைக்கு நிர்வாகி கடவுச்சொல்கூட வேண்டாம். உள்ளே நுழைந்ததும் கிடைக்கும் முதல்நிலை அனுமதியே போதும். ஐஓஎஸ் பதிப்பு, எத்தனை நாளாக ஓடுகிறது, கடைசியாக ஏன் நின்றது, எந்தக் கோப்பிலிருந்து பூட் ஆனது என்றெல்லாம் சொல்லிவிட்டு, கீழே வன்பொருளைப் பற்றிய வரி வரும். மாடல் பெயர், திருத்த எண், அதைத் தொடர்ந்து நினைவகம்: 236544கே/25600கே.

இந்தச் சாய்கோடுதான் ஆளை ஏமாற்றும் இடம். சாய்கோட்டைப் பார்த்தாலே ‘இவ்வளவில் இவ்வளவு’ என்று படிப்பது நம் பழக்கம். இங்கே அப்படிப் படித்தால் பொருளே வராது. இரண்டாவது எண் முதல் எண்ணைவிடச் சிறியது. உடனே, 236544 மொத்தம், அதில் 25600 பயன்பாட்டில் இருக்கிறது என்று தலைகீழாக்கிக்கொள்கிறார்கள். அதுவும் தவறு. இரண்டும் தனித்தனிக் கூறுகள். நடுவில் கூட்டல்குறி இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். 236544-உம் 25600-உம் 262144. அதை 1024-ஆல் வகுத்தால் மீதமின்றி 256.

எதற்காக இரண்டு கூறு? முதல் கூறு செயலிக்கு: ஐஓஎஸ் மென்பொருள் விரிந்து உட்காரும் இடமும், ரூட்டிங் அட்டவணைகளும், ஓடும் கட்டமைப்பும் அதில்தான். இரண்டாம் கூறு இன்டர்ஃபேஸ்களுக்கு. கேபிள் வழியாக வரும் பாக்கெட்டை இன்டர்ஃபேஸின் கட்டுப்பாட்டுச் சில்லு, செயலியைக் கேட்காமலே நேராக நினைவகத்தில் எழுதிவிடும். அப்படி எழுத, எல்லைகட்டிய ஒரு பொதுப்பகுதி வேண்டும். பழைய ஐஓஎஸ் ஒற்றைப் பாறைபோல் எழுதப்பட்ட மென்பொருள். ஒரு செயல்முறையிலிருந்து இன்னொன்றைக் காக்கும் வேலி அதனுள் கிடையாது. அதனால் பூட் ஆகும்போதே எல்லையைப் போட்டுவிடுகிறார்கள். மேற்கண்ட 1841-ல் இன்டர்ஃபேஸ் பங்கு ஏறத்தாழ பத்து விழுக்காடு. 2621 என்ற பழைய மாடலில் 26624/6144 என்று வரும். கூட்டினால் 32768, அதாவது 32 எம்பி, இன்டர்ஃபேஸ் பங்கு ஐந்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. அதற்கும் முந்தைய 2500 வரிசையில் 6144/2048 என்று வந்தால் 8 எம்பி. 1841-ல் ‘மெமரி-சைஸ் ஐஓமெம்’ என்ற கட்டளையால் இந்த எல்லையை நகர்த்தலாம். நகர்த்தி மறுபடி பூட் செய்தால் இரண்டு எண்ணும் மாறியிருக்கும், கூட்டுத்தொகை இம்மியும் அசையாது. முதல் எண்ணை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கூட்டுத்தொகை கேபி அளவுக்குத் துல்லியமாக முடிவது சிஸ்கோ பதிலின் பெருமை. கூட்டிய எண் 1024-ஆல் மீதமின்றி வகுபட்டு, வன்பொருளில் சாத்தியமான ஓர் அளவில் போய் நிற்காவிட்டால், எங்கோ படித்தது தவறு என்று உடனே தெரிந்துவிடும். விடையே தன்னைச் சரிபார்த்துக்கொள்கிறது. 1841-லேயே இன்னொரு பெட்டி 355328கே/37888கே என்று சொல்லும். கூட்டினால் 393216, அது 384 எம்பி. இரண்டின் அடுக்காக இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை. 1841-ன் பலகையில் 128 எம்பி பற்றவைத்தே வருகிறது. கூடுதலாக ஒரு டிம் துளை உண்டு. அதில் 256 எம்பி செருகினால் 384, அதுவே இந்த மாடலின் உச்சம். ஆக, எண்ணிலிருந்தே துளையின் நிலையையும் அறியலாம்: 128 என்றால் துளை காலி, 256 என்றால் அதில் 128 இருக்கிறது, 384 என்றால் இனி ஏற்ற இடமில்லை. பழைய 1841 வாங்கப் போகும் மாணவர், கடைக்காரரிடம் மின்சாரமும் கன்சோல் இணைப்பும் மட்டும் கேட்டால் போதும். திருப்புளி கேட்க வேண்டாம்.

இனி டபிள்யூஆர்841என். கடையில் வாங்கியபடியே இருந்தால் அதன் வலைப்பக்கத்தில் நினைவகம் பற்றி ஒரு சொல்லும் இராது. கேட்டாலும் சொல்ல அதற்கு வாயில்லை. ஓபன்டபிள்யூஆர்டி ஏற்றியிருந்தால் நிலைமை மாறும். உள்ளே லினக்ஸ் கர்னல், எஸ்எஸ்ஹெச் வழியே நுழையலாம், ‘ஃப்ரீ’ என்று தட்டலாம், அல்லது ‘ப்ராக்’ அடைவில் இருக்கும் ‘மெம்இன்ஃபோ’ கோப்பைப் படிக்கலாம். முதல் வரி ‘மெம்டோட்டல்’. 32 எம்பி சாதனத்தில் அது 28 ஆயிரம் கேபியை ஒட்டி நிற்கும். 1024-ஆல் வகுத்தால் 27 எம்பி சொச்சம். 27 எம்பி ரேம் என்று உலகில் எந்தச் சில்லும் இல்லை.

மீதி எங்கே போயிற்று? மெம்டோட்டல் என்பது கர்னல் தனக்கும் தன் அட்டவணைகளுக்கும் ஒதுக்கிக்கொண்டது போக, நிரல்களுக்குப் பங்கிடக் கிடைக்கும் மொத்தம். பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளம் மாதிரி. கணினியில் 16 ஜிபி இருக்கும்போது இந்தப் பிடித்தம் கண்ணில் படாது. 32 எம்பி பெட்டியில் அதுவே ஏழில் ஒரு பங்கு அளவுக்கு வந்துவிடுகிறது. கர்னல் பதிப்பு மாறினால் பிடித்தமும் மாறும். ஒரே ரவுட்டரில் ஓபன்டபிள்யூஆர்டி பழைய வெளியீடு ஓர் எண்ணையும் புதிய வெளியீடு அதைவிடச் சிறிய எண்ணையும் காட்டுவது இயல்பு. சில்லு தேய்ந்துவிட்டதோ என்று பயப்பட ஒன்றுமில்லை.

சிஸ்கோவில் கூட்டினோம், இங்கே மேல்நோக்கி உயர்த்த வேண்டும். 27-க்கு மேலே அடுத்த நியாயமான அளவு 32. 58, 59 என்று வந்தால் 64. இது ஊகம்தான், நல்ல ஊகம், பெரும்பாலும் சரியான ஊகம், ஆனாலும் ஊகம். சிஸ்கோ விடைக்கு இருக்கும் தானே சரிபார்த்துக்கொள்ளும் குணம் இதற்கு இல்லை. இரண்டின் அடுக்குக்கு உயர்த்து என்ற விதியை 384 எம்பி உள்ள பெட்டியில் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் 512 என்ற பிழையான விடை வரும்.

லினக்ஸுக்கும் ஒரு கணம் உண்டு, முழு உண்மையை அது சொல்லும் கணம். பூட் ஆகும்போது கர்னல் எழுதும் பதிவில், ‘டிமெசேஜ்’ கட்டளையில் பார்க்கலாம், ‘மெமரி’ என்று தொடங்கும் ஒரு வரி வரும். அதில் இரண்டு எண், நடுவில் சாய்கோடு. வலப்பக்கம் 32768கே. இடப்பக்கம் அதைவிடக் குறைந்த ஓர் எண். ‘அவைலபிள்’ என்று முடியும். தொடர்ந்து அடைப்புக்குள் கர்னல் நிரலுக்கு இவ்வளவு, தரவுக்கு இவ்வளவு என்று பிடித்த கணக்கு. இங்கே சாய்கோடு, நம் பழக்கப்படியே, முழுமையில் இவ்வளவு என்று பொருள்படுகிறது. சிஸ்கோவில் கூட்ட வேண்டிய அதே சாய்கோட்டை லினக்ஸில் கூட்டினால் 32 எம்பி ரவுட்டர் 58 எம்பி ஆகிவிடும். இரண்டு உலகத்திலும் புழங்குபவர்கள் தடுக்கி விழுவது இந்த ஓர் எழுத்தில்தான் என்று நான் நினைக்கிறேன். ஒரு குறிப்பையும் சேர்த்துவிடுகிறேன்: பூட் பதிவின் இடப்பக்க எண்ணைவிட மெம்டோட்டல் சற்றுக் கூடுதலாக இருக்கும். தொடக்க வேலைக்கு மட்டும் தேவைப்பட்ட நிரல்பகுதியைக் கர்னல் பிறகு விடுவித்துவிடுவதே காரணம்.

பூட் பதிவுக்கு ஒரு குறை. அது வட்டமாகச் சுற்றும் சிறிய இடத்தில் எழுதப்படுகிறது. நாள்கணக்கில் ஓடும் ரவுட்டரில் பழைய வரிகள் மேல் புதியவை எழுதப்பட்டு, நமக்கு வேண்டிய வரி காணாமல் போயிருக்கும். சிஸ்கோவின் பூட் வரி திரையில் ஓடி மறைவதும் இதுவும் ஒரே குறைதான். ஆனால் சிஸ்கோ அந்தத் தகவலை ஷோ வெர்ஷனில் பத்திரமாக வைத்துக்கொள்கிறது. லினக்ஸின் மெம்இன்ஃபோ வைத்துக்கொள்வதில்லை.

அந்த 32768 கர்னலுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டால், இந்த ஒப்பீட்டிலேயே அழகான பகுதி வந்துவிடுகிறது. டபிள்யூஆர்841என்-ன் பல பதிப்புகளில் இருப்பது ஏதெரோஸ் குடும்பத்துச் சில்லு. அதற்கான கர்னல், நினைவகத்தின் அளவை யாரும் சொல்லக் காத்திராமல் தானே அளக்கிறது. நினைவகத்தின் ஓரிடத்தில் இருக்கும் தரவை எடுத்துக்கொண்டு, அங்கிருந்து சரியாக இவ்வளவு தள்ளி இருக்கும் முகவரியிலும் அதே தரவு தெரிகிறதா என்று பார்க்கும். தூரத்தை ஒவ்வொரு முறையும் இரட்டிக்கும்: 4, 8, 16, 32. சில்லு 32 எம்பி என்றால், 32 எம்பி தள்ளி இருக்கும் முகவரிக்கு உண்மையில் இடம் இல்லை. மேல்பிட்டைக் கவனிக்க அங்கே கம்பி இல்லாததால் முகவரி சுற்றிவந்து பழைய இடத்தையே தொடும். அதே தரவு அங்கேயும் தெரியும். தெரிந்த கணத்தில் அளவு கிடைத்துவிட்டது. மூடியைத் திறக்காமல் நாம் செய்யப் பார்ப்பதை, சில்லின் முதுகைப் பார்க்க முடியாத கர்னலும் தன் வழியில் செய்கிறது. சில்லு தன்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கர்னல்தான் நடந்துபார்த்து எல்லையைக் கண்டுகொள்கிறது.

எல்லா வீட்டு ரவுட்டரும் இப்படி அளப்பதில்லை. பலவற்றில் பூட்லோடர் சொல்லும் எண்ணையோ, அந்தப் பலகைக்கென எழுதிவைத்த விவரக்கோப்பில் உள்ள எண்ணையோ கர்னல் அப்படியே எடுத்துக்கொள்கிறது. அங்கே சொன்னதுதான் உண்மை என்று ஆகிவிடும். லிங்க்ஸிஸ் டபிள்யூஆர்டி54ஜி-யின் இரண்டாம் பதிப்பில் ஒரு துணைவகை உண்டு. 32 எம்பி சில்லை வைத்துவிட்டு 16 மட்டும் தெரியுமாறு அமைத்து அனுப்பியிருந்தார்கள். கட்டமைப்பு நினைவகத்தில் இருந்த ஒரு மாறியை மாற்றியவர்களுக்குத்தான் மறுபாதி கிடைத்தது. வேறு சில சில்லுகளில் ஒரு பகுதியைக் கர்னல் தொடவே கூடாது என்று முன்பே அடைத்துவிடுவதால், பூட் பதிவின் வலப்பக்க எண்ணும் முழுமையைச் சொல்லாது. எனவே கட்டளை சொல்வது ‘பற்றவைத்தது’ அல்ல, ‘அறிந்துகொண்டது’. இரண்டும் பெரும்பாலும் ஒன்றாக இருக்கும்.

டபிள்யூஆர்841என்-இடம் எதுவும் கேட்க முடியாதபோது, அதாவது கடையில் வாங்கிய மென்பொருளே இருக்கும்போது, அடியில் ஒட்டியிருக்கும் சீட்டுதான் கதி. அங்கே மாடல் பெயரைவிட அதன் பக்கத்திலுள்ள பதிப்பு எண் முக்கியம். ஒன்பதாம் பதிப்பில் 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ரேம். பதின்மூன்றாம் பதிப்பில் மீடியாடெக் சில்லோடு 8 எம்பி ஃபிளாஷ், 64 எம்பி ரேம். பதினான்காம் பதிப்பில் மீண்டும் 4-உம் 32-உம். பதிப்பு எண் கூடினால் நினைவகமும் கூடியிருக்கும் என்று நம்பி வாங்கினால் இங்கே ஏமாற்றம்தான். லிங்க்ஸிஸ் இதையே முன்பே செய்தது: டபிள்யூஆர்டி54ஜி நான்காம் பதிப்பு வரை 4 எம்பி ஃபிளாஷ், 16 எம்பி ரேம், 2005-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் 2-உம் 8-உம். லினக்ஸை எடுத்துவிட்டு விஎக்ஸ்ஒர்க்ஸ் என்ற சிறிய இயங்குதளத்தை வைத்ததால் பாதி நினைவகம் போதுமாயிற்று. லினக்ஸ் வேண்டியவர்களுக்காகப் பழைய அளவிலேயே டபிள்யூஆர்டி54ஜிஎல் என்று தனியாக ஒன்றை விற்றார்கள். அமெரிக்காவில் விற்க அனுமதி பெற்ற சாதனமாக இருந்தால் சீட்டில் எஃப்சிசி எண் இருக்கும்; அந்த ஆணையத்தின் பொதுப் பதிவேட்டில் பெரும்பாலும் உள்ளே எடுத்த புகைப்படங்கள் கிடைக்கும். வேறொருவர் திறந்து எடுத்த படத்தில் சில்லின் எண்ணைப் படித்துக்கொள்ளலாம். சீட்டை நம்பிச் செய்யும் இந்த வேலை சிஸ்கோ பக்கம் பயன்படாது. 1841-ல் ரேமைக் கூட்டலாம், கழற்றலாம். தொழிற்சாலை விட்டு வந்தபோது இருந்தது இன்று இருக்கும் என்று எந்தச் சீட்டும் உறுதி தர முடியாது. பற்றவைத்த பெட்டிக்குச் சீட்டு நல்ல சாட்சி, செருகும் பெட்டிக்குக் கட்டளை.

ரேமை விட்டு ஃபிளாஷுக்குப் போனால் இரண்டும் இடம் மாறிக்கொள்கின்றன என்பது நான் எதிர்பாராதது. 1841-ல் ஃபிளாஷ் என்பது காம்பாக்ட்ஃபிளாஷ் அட்டை. 64 எம்பி அட்டையைச் செருகிய பெட்டியின் ஷோ வெர்ஷன், 65536 என்று சொல்லாது. 62720 என்பதுபோல் குறைந்த ஓர் எண்ணைச் சொல்லும். அட்டைத் தயாரிப்பாளரின் கணக்கும் வடிவமைப்பில் போகும் இடமும் கழிந்த மீதி அது. ரேமில் கூட்டுத்தொகை தந்த சிஸ்கோ ஃபிளாஷில் மீதியைத் தருகிறது. டபிள்யூஆர்841என்-ல் ‘ப்ராக்’ அடைவிலுள்ள ‘எம்டிடி’ கோப்பைப் படித்தால், ஃபிளாஷின் பகுதிகள் ஒவ்வொன்றும் பதினாறடிமான எண்ணில் வரும். ஒன்பதாம் பதிப்பில் பூட்லோடருக்கு 128 கேபி, மென்பொருளுக்கு 3904 கேபி, வைஃபை அளவுத்திருத்தத் தரவுக்கு 64 கேபி. கூட்டினால் 4096, மிச்சமில்லாத 4 எம்பி. ஒரே ஓர் எச்சரிக்கை: கர்னல், ரூட்எஃப்எஸ் என்று அந்தப் பட்டியலில் வரும் பெயர்கள் மென்பொருள் பகுதிக்கு உள்ளேயே அடங்கியவை, அவற்றையும் சேர்த்துக் கூட்டினால் கணக்கு இரட்டிப்பாகும். ஆக, கூட்டுத்தொகையா மீதியா என்பது நிறுவனத்தின் குணம் இல்லை. அந்த எண்ணை எந்த அடுக்கிலிருந்து எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

சிஸ்கோவே அடுக்கு மாறியதும் இது இன்னும் தெளிவாகிறது. 2008-ல் ஏஎஸ்ஆர் 1000 வரிசையோடு வந்த ஐஓஎஸ் எக்ஸ்இ-யில் அடியில் ஓடுவது லினக்ஸ். பழைய ஐஓஎஸ் அதன்மேல் ஒரு செயல்முறையாக உட்கார்ந்திருக்கிறது. கட்டளை அதேதான், ஷோ வெர்ஷன். ஐஎஸ்ஆர் 4331-ல் தட்டினால் பழைய வரி பழைய வடிவத்திலேயே, சாய்கோட்டோடு வரும்: இடப்பக்கம் பதினேழு லட்சத்துச் சொச்சம் கேபி, வலப்பக்கம் சில ஆயிரம். 1841 பழக்கத்தில் கூட்டிப் பார்ப்பவருக்கு 2 ஜிபிக்கும் குறைவாக ஒரு வட்டமில்லாத எண் கிடைக்கும். எத்தனை முறை கூட்டினாலும் அது 1024-க்கு அடங்காது. காரணம், அந்த வரி இப்போது பெட்டியின் நினைவகத்தைச் சொல்லவில்லை, ஐஓஎஸ் செயல்முறைக்கு லினக்ஸ் கொடுத்த பங்கைச் சொல்கிறது. சில வரி கீழே ‘பிசிகல் மெமரி’ என்று தனியாக ஒன்று வரும்: 4194304கே. அது சரியாக 4 ஜிபி. பழைய வரியைப் பழக்கத்துக்காக விட்டுவைத்து, உண்மை விடைக்குப் புதிய வரி சேர்த்திருக்கிறார்கள். தேடிவந்த எண்ணை நேராகப் பெயரிட்டுச் சொல்லும் வரியாக அது இருப்பதால், இந்த மூன்றில் எக்ஸ்இ-யின் பதிலே எனக்கு நேர்மையானதாகப் படுகிறது. கண் முதலில் போய் நிற்பது பழைய வரியில்தான் என்பது மட்டும் குறை.

நூற்றுக்கணக்கான ரவுட்டர்களை ஒரே இடத்திலிருந்து விசாரிக்க எஸ்என்எம்பி-யைப் பயன்படுத்துபவர்களுக்கும் இதே சிக்கல் வேறு உருவில் வரும். லினக்ஸ் பெட்டியிடம் ‘ஹெச்ஆர்மெமரிசைஸ்’ கேட்டால் மெம்டோட்டல்தான் திரும்பி வரும், அதாவது மீதி. பழைய சிஸ்கோவிடம் நினைவகக் குளங்களின் பட்டியலைக் கேட்டால் ‘ப்ராசஸர்’, ‘ஐ/ஓ’ என்று இரண்டு குளம், ஒவ்வொன்றிலும் பயன்பட்டது எவ்வளவு, காலி எவ்வளவு. நான்கையும் கூட்டினாலும் ஷோ வெர்ஷன் தொகை வராது. விரிந்து உட்கார்ந்த ஐஓஎஸ் மென்பொருள் பிடித்த இடம் குளத்தில் சேராது. ஷோ வெர்ஷனில் கூட்டுத்தொகை சொன்ன அதே பெட்டி, எஸ்என்எம்பி-யில் லினக்ஸைப் போலவே மீதியைச் சொல்கிறது.

அதனால் இரண்டு வகைச் சாதனமும் கலந்திருக்கும் அலுவலகத்துக்கு நான் பரிந்துரைப்பது, சாதனப் பட்டியலில் ‘ரேம்’ என்று ஒரே நிரல் போடாமல் மூன்று நிரல் போடுவது. பொருத்தியிருப்பது எவ்வளவு, இயங்குதளம் கையாளக் கிடைப்பது எவ்வளவு, எந்தக் கட்டளையில் எடுத்த எண். முதல் நிரலை 1841-க்கு ஷோ வெர்ஷனின் கூட்டலால் நிரப்பலாம், 4331-க்கு பிசிகல் மெமரி வரியால், ஓபன்டபிள்யூஆர்டி பெட்டிகளுக்கு பூட் ஆனவுடன் எடுத்த டிமெசேஜின் வலப்பக்க எண்ணால். அந்த வரி அழிந்துபோயிருந்தால் மெம்டோட்டலை உயர்த்தி எழுதி, பக்கத்தில் ‘ஊகம்’ என்று குறித்து, சீட்டின் பதிப்பு எண்ணையும் எழுதிவைக்கலாம். அடுத்து மறுபூட் செய்ய நேரும்போது உள்ளே நுழைந்ததும் டிமெசேஜை ஒரு கோப்பில் சேமித்தால் அந்தக் குறிப்பை நீக்கிவிடலாம்.